இரண்டாவது வரியின் கடைசிச் சொல்

என் கையெழுத்து அழகாக இருக்கும். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இருந்ததே இல்லை. பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் தேதி எழுதுவதிலிருந்து, ஊர்க் கல்யாணங்களுக்கு வாழ்த்து மடல் எழுதுவது வரை என்னைத்தான் கூப்பிடுவார்கள். அரியலூரில் எனக்கு முதல் வேலை கிடைத்ததும் அந்தக் கையெழுத்தால்தான். பி.ஏ. சரித்திரம் படித்திருந்ததெல்லாம் அப்புறம். அந்தக் கையெழுத்தை வைத்துக்கொண்டு நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காத நாள் உண்டு.

எண்பதுகளின் தொடக்கம். அரியலூருக்கு வெளியே ஒரு சிமெண்ட் ஆலை. ஆலை வருவதற்கு முன்பு அந்த இடத்தில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. பூமியிலிருந்து வெட்டிய சுண்ணாம்புக்கல்லைக் கரியோடு அடுக்கி நாள் கணக்கில் சுட்டு, வீடு கட்டவும் வெள்ளையடிக்கவும் மூட்டை மூட்டையாக அனுப்பிய இடம். இரண்டு காளவாய்கள், அவற்றைச் சுற்றிப் பதினாறு வீடுகள். அங்கே குடியிருந்தவர்களை ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு காலனி கட்டிக் குடிவைத்துவிட்டு, பழைய குடியிருப்பை அப்படியே பாதுகாப்பது என்று ஆலைக்காரர்கள் முடிவெடுத்தார்கள். ஆலையில் ஒரு பெரிய விழா வந்தது. மெட்ராஸிலிருந்து ஆட்கள் வரவிருந்தார்கள். அவர்களுக்குக் காட்ட ஏதாவது வேண்டியிருந்தது.

வீடுகளுக்குப் புதுக் கூரை போட்டுச் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். உள்ளே மண்பானையும் அம்மியும் கொண்டுவந்து வைத்தார்கள். ஆட்கள் குடியிருந்த காலத்தில் அந்த வீடுகள் அத்தனை சுத்தமாக இருந்திருக்க வாய்ப்பே இல்லை. முன்பு கரி கொட்டிவைத்த நீளக் கொட்டகைதான் மியூசியம். சுற்றிலும் கம்பிவேலி, வாசலில் ஒரு வாட்ச்மேன், உள்ளே நான். எனக்குச் சொந்த ஊர் உடையார்பாளையம். அரியலூரில் சித்தி வீட்டில் தங்கிக்கொண்டு காலை பஸ்ஸில் வந்துவிடுவேன். தற்காலிக வேலை. வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்ட வேண்டும், பொருள்களுக்கு விவரச் சீட்டு எழுதி வைக்க வேண்டும். பார்க்க வந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்னை டீச்சர் என்று கூப்பிட்டன. அதைக் கேட்டு வாட்ச்மேனும் டீச்சர் என்றார். கேட்க நன்றாக இருந்ததால் நானும் மறுக்கவில்லை.

விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது ஆலை அதிகாரி ஒரு கட்டு வெள்ளை அட்டையையும் ஒரு புட்டி இந்தியன் இங்க்கையும் என் மேஜைமேல் வைத்தார். ராத்திரி பகலாக எழுதினேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸை ஒருநாளும் விடவில்லை. கல்லுக்குள் இறுகிப்போன நத்தைகளுக்கு ஒரு சீட்டு, கடப்பாரைக்கு ஒன்று, கூடைக்கு ஒன்று, காளவாய் கிளறும் ஆறடி நீளக் கம்பிக்கு ஒன்று. கடைசியாக ஒரு போட்டோ மிச்சம் இருந்தது. காளவாய்க்கு முன்னால், கோட்டும் தொப்பியும் போட்ட ஒருவர் இடுப்பில் கைவைத்து நிற்கிறார். அவருக்கு இரண்டடி தள்ளி, கோவணமும் தலைப்பாகையுமாக ஓர் இளைஞன், கையில் அந்த நீளக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராக நம்மைப் பார்க்கிறான். போட்டோவின் பின்பக்கம் பென்சிலால் கோட்டுக்காரரின் பெயர் மட்டும் எழுதியிருந்தது. முதல் வரியில் காளவாய் மேலாளர் என்று போட்டு, அவருடைய பெயரை மூன்று இனிஷியலோடு எழுதி, அவர்கள் என்று முடித்தேன். இரண்டாவது வரியில், "அருகில் ஒரு கூலியாள்" என்று எழுதினேன். இரண்டு நிமிஷ வேலை. அந்தக் கடைசி எழுத்தின் வளைவு நன்றாக விழுந்திருக்கிறது என்று ஒரு தடவை தள்ளிவைத்துப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. ஆலைத் தச்சர் போட்டோவையும் சீட்டையும் சேர்த்துக் கண்ணாடி போட்டுச் சுவரில் திருகாணி முடுக்கிவிட்டார்.

விழா முடிந்தது. வந்தவர்கள் நத்தைக் கல்லைத்தான் அதிகம் பார்த்தார்கள். சீட்டுகளைப் பார்த்து, அச்சடித்ததா என்று ஒருவர் கேட்டார். அந்தப் பாராட்டிலேயே நான் ஒரு மாதம் ஓட்டினேன்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் மத்தியானம் ஒரு பெரியவர் வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒரு காகிதப் பொட்டலமும் எலுமிச்சம்பழமும். வாட்ச்மேன் அவரோடேயே உள்ளே வந்து, "காளவாய்ப் பெரியவரு டீச்சர். இங்கதான் இருந்தவரு" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார். அந்தச் சொற்கள் என் காதில் விழுந்தும் மண்டையில் ஏறவில்லை. எனக்கு அன்று வேறு யாரும் வரவில்லை. பேசி இரண்டு நாளாகியிருந்தது. எடுத்த எடுப்பில் என் வழக்கமான பாடத்தை ஆரம்பித்துவிட்டேன். காளவாயில் எப்படிக் கல் அடுக்குவார்கள், எத்தனை நாள் எரியும், எப்படித் தண்ணீர் தெளித்து நீற்றுவார்கள். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

"நல்லா சொல்றீங்கம்மா" என்றார். "நான் இங்க முப்பது வருசம் தீ வச்சவன். ஒரு காரியமா வந்தேன்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. என்ன காரியம் என்று கேட்டேன். பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். மஞ்சள், குங்குமம், கொஞ்சம் சந்தனம். அந்த நீளக் கம்பி அவர் பிடித்த கம்பியாம். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அதைக் கழுவிப் பொட்டு வைத்துவிட்டுத்தான் அவர்கள் வீட்டில் சாப்பாடு. காலனிக்குப் போன பிறகும் பழைய கொட்டகையில் கம்பி சாத்தியிருந்தவரை யாருக்கும் தெரியாமல் வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இப்போது வேலி போட்டு, மியூசியம் என்று பெயரும் வைத்துவிட்டதால் அனுமதி கேட்டு வந்திருக்கிறார். மறுநாள் எங்களுக்கு விடுமுறை என்று விசாரித்து முதல் நாளே வந்துவிட்டார்.

கம்பிக்கு மேலே, பொருள்களைத் தொடக்கூடாது என்று நான் எழுதிய பலகை தொங்கியது. அதைப் பார்த்தும் அவர் முகம் மாறவில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது என்று அப்போதுதான் புரிந்தது. அதிகாரி ஊரில் இல்லை. சரி, வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். பெரிய மனது பண்ணிவிட்டதாக எனக்குள் ஒரு நினைப்பு வேறு. அவர் கம்பியை அடியிலிருந்து நுனிவரை துண்டால் துடைத்தார். மூன்று இடத்தில் பொட்டு வைத்தார். கும்பிட்டார். திரும்பினார். அப்போதுதான் சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்தார்.

கிட்டே போய் ரொம்ப நேரம் நின்றார். "டீச்சரம்மா, இது நாந்தான்" என்றார்.

நானும் கிட்டே போய்ப் பார்த்தேன். அந்தக் கண்தான். அந்த நேரான பார்வைதான்.

"தொர போட்டோ எடுக்கச் சொல்லி நின்னது. எனக்குக் கல்யாணங்கூட ஆவல அப்ப. இப்பத்தான் கண்ணால பாக்குறேன். கீழ என்னம்மா எழுதிருக்கு?"

முதல் வரியை உள்ளபடி படித்தேன். இரண்டாவது வரிக்கு வந்தேன். பக்கத்தில் அவர் மூச்சு விடுவது கேட்டது. முப்பது வருஷம் தீ வைத்தவரிடம் அரை மணி நேரம் காளவாய்ப் பாடம் நடத்திய வெட்கம் ஒரு பக்கம், அந்தச் சொல்லை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வராத பயம் ஒரு பக்கம். "அருகில் நிற்பவர், முப்பது ஆண்டுகள் இந்தக் காளவாய்க்குத் தீ வைத்த தலைமை ஆள்" என்று படித்தேன். நிறுத்தாமல், தடுமாறாமல், எழுதியிருப்பதைப் படிப்பதுபோல் படித்தேன்.

"எம் பேரு போட்டிருக்கா?"

"போட்டிருக்குங்க."

"எங்கம்மா?"

இரண்டாவது வரியின் கடைசிச் சொல்லைத் தொட்டுக் காட்டினேன். அவர் தன் விரலைக் கண்ணாடியில் அதே இடத்தில் வைத்தார். சுண்ணாம்பு தின்று வழுவழுப்பாகிப்போன விரல். ரெண்டாவது வரி, கடைசி, ரெண்டாவது வரி, கடைசி என்று தனக்குத்தானே இரண்டு தடவை சொல்லிக்கொண்டார். பிறகு அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எம் பொண்ணக் குரும்பலூர்ல குடுத்துருக்கேன் டீச்சரம்மா. வைகாசியிலதான் கல்யாணம். மாப்ள பஸ்ல கண்டக்டரு, தங்கமான புள்ள. ஆனா மாப்ளயோட அப்பாரு இருக்காரே, எம் பொண்ணச் சுண்ணாம்புக்காரன் பொண்ணுன்னுதான் கூப்புடுறாராம். ஒருநாளும் பேரு சொல்லிக் கூப்புடல. வந்து அழுவுது. நான் என்னா சொல்லட்டும்? சுண்ணாம்பு சுட்டது நெசந்தான?"

நான் தலையாட்டினேன்.

"தல தீவாளிக்கு வருவாங்க. மறுநாள் கூட்டிட்டுப் போவ சம்பந்தியும் வர்றாரு. இங்க கூட்டியாறேன். தொர பக்கத்துல எம் பேரும் எழுதி, கண்ணாடி போட்டு மாட்டி வச்சிருக்கறத அவரு பாக்கட்டும். அதுக்கப்பறம் எம் பொண்ண அப்புடிக் கூப்புட வாய் வருதான்னு பாப்போம்."

அவர் போனதும் அந்தச் சீட்டின் முன்னால் போய் நின்றேன். தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, ஓர் அட்டை எழுதி மாற்றி வைத்தால் பொய் மெய்யாகிவிடப் போகிறது என்று தேற்றிக்கொண்டேன். நான் எழுதியதை நானே மாற்றி எழுத என்ன கேடு? பூஜை விடுமுறை முடிந்து வந்த முதல் நாளே அட்டை வெட்டினேன். பென்சிலால் கோடு போட்டேன். முதல் வரியை எழுதினேன். இரண்டாவது வரியில், "அருகில் நிற்பவர்" என்று எழுதிவிட்டுப் பேனாவை இங்க்கில் தொட்டபோதுதான் தெரிந்தது. அவர் பெயரை நான் கேட்கவே இல்லை.

வாட்ச்மேனைக் கேட்டேன். "காளவாய்ப் பெரியவரும்பாங்க டீச்சர். எல்லாருக்கும் அப்புடித்தான் தெரியும்" என்றார். அவர் ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

காலனி இரண்டு மைல் தூரம்கூட இருக்காது. ரயில் கேட்டைத் தாண்டினால் வந்துவிடும். ஒரு சாயங்காலம் போய்க் கேட்டுவிட்டு வந்திருக்கலாம். நான் போகவில்லை. முதல் வாரம், இன்னும் நாள் இருக்கிறது என்று இருந்தேன். இரண்டாவது வாரம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடியைக் கழற்ற வேண்டுமானால் தச்சருக்கு அதிகாரி சீட்டுக் கொடுக்க வேண்டும், அதற்கு நான் எழுதியதில் தப்பு என்று நானே எழுதிக் கொடுக்க வேண்டும், தற்காலிக வேலைக்காரி தப்பை ஒப்புக்கொண்டால் வேலை என்னாவது என்று ஒரு பயம். இதையெல்லாம் அன்று காரணம் என்று நம்பினேன். உண்மையான காரணம் வேறு. அந்தக் காலனிக்குள் நடந்து போய், ஒரு வீட்டு வாசலில் நின்று, "உங்கள் பேர் என்ன?" என்று கேட்க எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. எழுதியிருக்கிறது என்று வாய் கூசாமல் சொன்னவளுக்கு, எழுதவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் வரும்போது எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். மழைக்கு வர மாட்டார்கள் என்றுகூட ஓர் ஆசை இருந்தது.

தீபாவளிக்கு மறுநாள் மழை விட்டு வெயில் பளீரென்று அடித்தது. பத்து மணிக்கெல்லாம் வந்துவிட்டார்கள். பெரியவர் கோடி வேட்டி கட்டியிருந்தார், அதன் முனையில் மஞ்சள் இன்னும் போகவில்லை. அவர் மனைவி, மகள், மருமகன், சம்பந்தி, காலனி ஆட்கள் ஏழெட்டுப் பேர். மகள் அரக்குப் பட்டுப்புடவையில் எல்லாருக்கும் பின்னால் நின்றது. அதுவும் அம்மாவும் மட்டுமல்ல, காளவாய் ஆட்கள் யாருமே பள்ளிக்கூடப் பக்கம் போனதில்லை என்று பெரியவர் முன்பே சொல்லியிருந்தார். மருமகன் கைக்கடிகாரமும் சட்டைப்பையில் பேனாவுமாக இருந்தார். சம்பந்தி கதர்ச் சட்டை, கையில் குடை. பெரியவர் எனக்கு ஒரு தூக்கில் அதிரசமும் முறுக்கும் கொண்டுவந்திருந்தார்.

"இவங்கதான் டீச்சரம்மா. இவங்க கையாலதான் எழுதுனாங்க" என்றார்.

எல்லாரும் என்னைக் கும்பிட்டார்கள். சம்பந்திகூட ஒரு கையைத் தூக்கினார். ஓடிவிட வழி இருந்தால் ஓடியிருப்பேன். நான் படித்துக் காட்டுகிறேன் என்று முந்திக்கொண்டேன். இன்னொரு தடவை அதே பொய்யைச் சொல்லித் தப்பித்துவிடலாம் என்பதுதான் என் கணக்கு.

"ஒங்களுக்கு எதுக்குச் செரமம்? மாப்ள படிப்பாரு" என்றார் பெரியவர். நேராகப் போட்டோவுக்குப் போனார். பார்க்காமலே விரலைச் சரியாக இரண்டாவது வரியின் கடைசியில் வைத்தார். "இந்தா பாருங்க சம்பந்தி, இதுதான் எம் பேரு" என்றார்.

அவர் விரல் கூலியாள் என்ற சொல்லின்மேல் இருந்தது. சம்பந்தி குனிந்து பார்த்துவிட்டு, "கண்ணாடி எடுத்தாரல, எனக்கு எழுத்துப் புடிபடல. நீ படிடா" என்று மகனைப் பார்த்தார்.

மருமகன் முன்னால் வந்தார். குனிந்தார். அவர் உதடு முதல் வரியை மெதுவாக முணுமுணுத்தது. பிறகு அசையாமல் நின்றது. மாமனாரின் விரலைப் பார்த்தார். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"என்னடா, படிக்கத் தெரியலையா?" என்றார் சம்பந்தி.

"இருங்கப்பா, எழுத்து கொஞ்சம் பொடிசா இருக்கு" என்றார் அவர். எழுத்துப் பொடிசாக இல்லை. கட்டைவிரல் உயரத்துக்கு எழுதியிருந்தேன். பஸ்ஸில் ஊர்ப் பெயர் சொல்லிக் கூவிப் பழகிய குரலில் அவர் சத்தமாகப் படித்தார். முதல் வரியை உள்ளபடி படித்தார். பிறகு, அருகில் நிற்பவர் முப்பது ஆண்டுகள் இந்தக் காளவாய்க்குத் தீ வைத்த தலைமை ஆள் என்று படித்தார். மாமனார் வழிநெடுகச் சொல்லிச் சொல்லி அவருக்கு மனப்பாடமாகியிருக்க வேண்டும். அதோடு நிறுத்தவில்லை. இவர் கை பட்டால் கல் வெண்ணெயாக வெந்துவிடும் என்று பேர் பெற்றவர் என்று தானாக ஒரு வரி சேர்த்துக்கொண்டார். கடைசியில் மாமனாரின் பெயரைச் சொன்னார். சொன்ன அதே நேரத்தில் காலனி ஆட்கள் ஓவென்று கைதட்டிவிட்டார்கள். பின்னாலிருந்து ஒருவர் விசிலடித்தார். பெயர் என் காதில் விழவில்லை.

பெரியவர் விரலை எடுக்காமல் நின்றார். கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. சம்பந்தி குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "இதெல்லாம் நீங்க சொல்லவே இல்லையே சம்பந்தி" என்றார். பிறகு திரும்பி மருமகளைப் பார்த்து, "வாம்மா, நீயும் முன்னால வந்து பாரு" என்றார். அந்தப் பெண் அப்பாவின் பக்கத்தில் வந்து நின்று, படிக்கத் தெரியாத அந்தச் சீட்டைச் சிரித்துக்கொண்டே பார்த்தது.

நான் மேஜைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். அவர்கள் வீடுகளைச் சுற்றிப் பார்க்கப் போனார்கள். தங்கள் சொந்த வீட்டுக்குள், செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் மருமகன் மட்டும் திரும்பி வந்தார். வாசற்படியிலேயே நின்றார்.

"அக்கா, ஒரு வார்த்த" என்றார். கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "இன்னிக்கி நான் படிச்சிட்டேன். நாளைக்கி எனக்கு ஒரு புள்ள பொறந்தா, அது பள்ளிக்கூடம் போவும். தாத்தா இங்க கூட்டியாருவாரு. அது உள்ளத உள்ளபடி படிச்சிரும். அதுக்குள்ள மாத்தி எழுதிருங்க."

"எழுதிடறேன்" என்றேன்.

"அவரு பாவம்க்கா" என்றார்.

அப்போது அவரிடமே பெயரைக் கேட்டிருக்கலாம். சட்டைப்பையில் பேனா இருந்தது, அவரே எழுதிக்கூடக் கொடுத்திருப்பார். கேட்டால், இந்த மூன்று வாரமும் பெயரே தெரியாமல்தான் இருந்தேன் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும். பெயர் தெரியும், சீட்டை மாற்றத்தான் நேரம் கிடைக்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கட்டும் என்று இருந்தேன். வெளியே யாரோ பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கூப்பிட்டார்கள். அவர் போய்விட்டார்.

அதிரசத்தைச் சித்தி வீட்டுக்குக் கொண்டுபோனேன். நான் தின்னவில்லை.

அடுத்த திங்கட்கிழமை பாதி எழுதிய அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு ரயில் கேட்டைத் தாண்டி நடந்தேன். எப்படியும் கேட்டுவிடுவது, எழுதவில்லை என்று சொல்லிக் காலில் விழுந்தாலும் சரி என்று முடிவு செய்திருந்தேன். காலனியில் எல்லா வீடும் ஒரே மாதிரி இருந்தது. காளவாய்ப் பெரியவர் வீடு என்று கேட்டதும் காட்டிவிட்டார்கள். அவர் இல்லை. மனைவி முற்றத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அவரு சிறுவாச்சூர் கோயிலுக்குப் போயிருக்காரு டீச்சரம்மா. இன்னிக்கி அங்க நட தொறக்கும்ல. சம்பந்தி வூட்ல பொண்ணுக்கு மரியாத கெடச்சா மாவௌக்குப் போடுறேன்னு வேண்டியிருந்தாரு. இப்ப சம்பந்தி எம் பொண்ணப் பேரு சொல்லிக் கூப்புடுறாராம். எல்லாம் ஒங்களாலதான்."

பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேர் வந்து நின்றார்கள். "பேரு எழுதுன டீச்சரம்மா இவங்கதான்டி" என்று அவர்களிடம் சொன்னார். உள்ளே போய் நாற்காலி கொண்டுவந்து போட்டார். காபிக்குப் பால் வாங்க ஒருத்தி ஓடினாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தேன். காலில் விழுகிற துணிச்சல் எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. பையைத் திறக்காமல், சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"அவங்க முழுப் பேரு என்னாங்க?"

அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். "அய்யய்யோ, அவரு பேர நான் எப்புடிச் சொல்லுவேன்?" என்றார். பெண்கள் சிரித்தார்கள். புருஷன் பெயரை வாயால் சொல்லாத தலைமுறை அது. என் அம்மாவும் அப்படித்தான். ரேஷன் கடையில் அப்பா பெயரைக் கேட்டால் என்னைத்தான் முன்னால் தள்ளிவிடுவாள். அது எனக்கு எப்படி மறந்தது?

பிறகு அவர் கையை எடுத்துவிட்டு, சிரிப்பு மாறாமல் என்னைப் பார்த்தார். "நீங்கதான எழுதுனீங்க? ஒங்களுக்குத் தெரியாததா?" என்றார்.

மூன்று பெண்களும் என் முகத்தைப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்றவளைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பாள். நானும் சிரித்தேன்.

"எழுத்துப் பிழை இல்லாம எழுதியிருக்கேனான்னு பாக்கத்தான் கேட்டேன்" என்றேன்.

"ஒங்க கையெழுத்துல தப்பு வருமா?" என்றார் அவர்.

காபி வந்தது. இரண்டு கரண்டி சர்க்கரை கூடப் போட்டிருந்தார்கள். முழுவதையும் குடித்தேன். தை பிறந்ததும் தஞ்சாவூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நிரந்தர வேலை கிடைத்துப் போய்விட்டேன். போகும்வரை அந்தச் சீட்டு மாறவில்லை. அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.